பீப்பாய் திறந்த நாள்

அன்று காலை மாஸ்டர் வெறும் தண்ணீரில்தான் பல் தேய்த்தாள். பேஸ்ட் இல்லை, காபி இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. மூக்கும் நாக்கும் துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி இருக்க வேண்டும் அவளுக்கு.

மாமியார் வழக்கம்போலக் காபியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அத்தை, அதை அந்தப் பக்கம் கொண்டு போங்க. வாசனை வருது."

"காபி வாசனை ஆகாதா உனக்கு? நேத்து வரைக்கும் அதுக்காகவே கண்ணைத் திறந்த?"

"இன்னிக்கு மட்டும். பீப்பாய் திறக்கறோம்ல."

மாமியார் டம்ளரோடு திரும்பினார். "குழந்தை பெத்தவ கூட இவ்வளவு பத்தியம் இருக்க மாட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் காபியைத் தானே குடித்தார்.

அந்த வீட்டில் மாமியாருக்கு டீச்சர் என்று பெயர். ஓய்வு பெறும்வரை கணக்குப் பாடம் எடுத்தவர். மருமகளுக்கு மாஸ்டர் என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய அச்சுக்கூடத்தில் பீர் காய்ச்சுகிறவள் அவள். பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் நிரப்புவதை இவள் ஒரு மாதத்தில் நிரப்புவாள். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் அவள் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். டீச்சரும் மாஸ்டரும் இருக்கிற இடமென்று யாரோ சொல்லக் கேட்டு, ஒருவர் தன் பிள்ளையை டியூஷனில் சேர்க்கவே வந்துவிட்டார். அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

டீச்சர் ஒரு சொட்டு பீரும் தொட்டதில்லை. தொட மாட்டார். காரணம் அவருடைய கணவர். மனிதர் உயிரோடு இருந்தவரை குடித்தார். குடித்ததால்தான் இல்லாமல் போனார். ஆனாலும் டீச்சருக்குச் சும்மா உட்கார வராது. லேபிள் கோணலாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால் கை பரபரக்கும். அதனால் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தினமும் வந்து லேபிள் ஒட்டுவார். யாராவது கேட்டால், "தூசு ஆகாது" என்பார். உண்மையில் ஆகாதது தூசு அல்ல என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் கேட்டதில்லை.

இந்த இடத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். மாஸ்டரும் அவள் கணவனும். அவனுக்கு அம்மா வைத்த பெயர் துரை. சின்ன வயதில் ஒரு வேலை சொன்னால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசனை சொல்வானாம். அந்த யோசனைகளில் ஒன்றுதான் அவர்களைப் பிரித்தது. பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிடலாம் என்றான். மாட்டேன் என்றாள். வார்த்தை தடித்தது. கடைசியில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

"மகனே போயிட்டான், நீங்க இன்னும் இங்கயா?" என்று உறவுக்காரர்கள் டீச்சரைக் கேட்டார்கள்.

"போனவன் அவன். நான் எதுக்குப் போகணும்?" என்றார் டீச்சர். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அவன் போவதற்கு முந்தின வாரம்தான் இருவரும் சேர்ந்து ஒரு கறுப்பு பீரைக் காய்ச்சி, விஸ்கி ஊறிக் கிடந்த நான்கு பழைய பீப்பாய்களில் நிரப்பியிருந்தார்கள். காய்ச்சியது இரண்டு பேர். அதன்பின் ஒன்றரை வருடமாகக் காவல் காத்தது ஒருத்தி.

இன்று அதைத் திறக்கிறார்கள். கம்பெனி சார்பில் சுவை பார்க்க ஆள் வருகிறது; காய்ச்சியதில் பாதிக் கை அங்கே இருப்பதால் மாஸ்டர் மறுக்கவில்லை. வருகிற ஆள் துரை.

*

அவன் முன்வாசல் வழியாக வரவில்லை. பக்கவாட்டு இரும்புக் கதவு வழியாகத்தான் வந்தான். உள்ளே வந்தபின், வந்திருக்கலாமா என்று யோசிக்கிறவன் போல நின்றான்.

"வாங்க" என்றாள் மாஸ்டர்.

டீச்சர் லேபிள் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். காலேஜ் நாளிலிருந்து 'நீ', 'வா', 'போ' என்று பேசிய பெண். புருஷனுக்கு மரியாதை கூடியிருக்கிறது என்றால் நல்ல செய்தி இல்லை.

"வாடா துரை. இளைச்சிருக்க."

"இல்லம்மா, சட்டை பெருசு."

மாஸ்டர் ஒன்றைக் கவனித்தாள். அவன் மேல் எந்த வாசனையும் இல்லை. சென்ட் இல்லை, சோப்பு வாசனை கூட இல்லை. அவனும் பத்தியம் இருந்துதான் வந்திருக்கிறான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததே பிடிக்கவில்லை.

நான்கு பீப்பாய்களும் சுவரோரம் மரக்கட்டைகளின் மேல் படுத்திருந்தன. பீப்பாயின் முகத்தில் ஒரு சின்ன எஃகு ஆணி அடித்திருக்கும். அதைப் பிடுங்கினால் நூல் மாதிரி பீர் பீய்ச்சும். கிளாஸில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்ப அழுத்திவிட வேண்டும். பெரிய மூடியைத் திறந்து காற்றை உள்ளே விடக் கூடாது.

முதல் பீப்பாய். மாஸ்டர் ஆணியை இழுத்தாள், துரை கிளாஸைப் பிடித்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கைகள் பழைய பழக்கத்தில் தானாகவே செய்தன.

கிளாஸின் அடி நனையும் அளவுதான். ஐஸில் வைத்துக் குடிக்கிற சரக்கில்லை இது. இரண்டு பேரும் கிளாஸை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார்கள். மோந்தார்கள். ஒரு வாய் வைத்தார்கள்.

"நல்லாருக்கு" என்றான். "கொஞ்சம் ஒல்லி. வாயில நிக்கல."

"ஆமா. மர வாசனை தூக்கலா இருக்கு."

இரண்டாவதும் அப்படித்தான். நன்றாக இருந்தது. உட்கார்ந்து பேச வைக்கிற அளவுக்கு இல்லை.

மூன்றாவது பீப்பாயின் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் மாஸ்டர் நிறுத்திவிட்டாள். அவனிடம் நீட்டினாள். அவன் மோந்து பார்த்தான்.

"வினிகர்" என்றான் மெதுவாக.

"ம்."

"மத்ததோட கலந்து..."

"வேண்டாம். ஒண்ணு கெட்டது போதும்."

முன்பென்றால் இதற்கே அரை நாள் சண்டை நடந்திருக்கும். இன்று அவன் தலையை ஆட்டிவிட்டுக் குழாயை எடுத்து வந்தான். இருவரும் சேர்ந்து பீப்பாயைத் திறந்து சாக்கடையில் விட்டார்கள். ஒன்றரை வருட உழைப்பு, பழுப்பு நுரையைத் தள்ளிக்கொண்டு கறுப்பாக ஓடியது. அந்தப் புளித்த நெடி கூடம் முழுக்க ஏறியது.

டீச்சர் துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அத்தனையும் போச்சா?"

"போச்சு அத்தை."

"நீ அழுவேன்னு பார்த்தேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கே. அதைப் பார்த்துட்டு மொத்தமா அழறேன்."

துரை சிரித்துவிட்டான். சிரித்தபின் சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயை மூடிக்கொண்டான். கதவையெல்லாம் திறந்துவிட்டு, நெடி போகட்டும் என்று மூவரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். அந்த இடைவெளியில்தான் அவன் அதைச் சொன்னான்.

"இன்னொரு விஷயத்துக்கும் வந்தேன். அம்மாவக் கூட்டிட்டுப் போகலாம்னு. கம்பெனி வீடு குடுத்திருக்கு. தோட்டமெல்லாம் இருக்கு."

மாஸ்டர் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஆச்சரியப்படவில்லை. அப்படியானால் முன்னாலேயே கேட்டிருக்கிறான். அத்தை தன்னிடம் சொல்லவில்லை.

"போன் பண்ணான்" என்றார் டீச்சர். "யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"யோசிங்க அத்தை. உங்க மகன் வீடுதானே."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு உள்ளே போனவள், காற்று சரியாகிவிட்டதா என்றுகூடப் பார்க்காமல் நான்காவது பீப்பாய் எதிரில் போய் நின்றுகொண்டாள்.

*

நான்காவது பீப்பாயிலிருந்து வந்த நூல், மற்றவற்றைவிடத் தடித்துக் கறுத்து வந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாலும் ஒரு ஓரத்தில்தான் செம்பழுப்பு தெரிந்தது.

முதலில் மூக்குக்கு வந்தது கருகிய சர்க்கரை. பின்னாலேயே உலர்ந்த திராட்சை. அப்புறம், புது மர அலமாரி வாங்கி வந்த அன்று வீட்டில் இருக்குமே, அந்த வாசனை. வாயில் வைத்தால் பாகு போலக் கனம். இனிக்கப் போகிறது என்று நாக்கு நினைக்கும்போதே கசப்புச் சாக்லேட்டாக மாறியது. விழுங்கியபின் பழைய விஸ்கியின் சூடு நெஞ்சில் மெதுவாக இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டது.

அவன் இன்னொரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். திறக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"சொல்லுங்க" என்றாள் மாஸ்டர்.

"என்னத்தச் சொல்றது?"

"கம்பெனிக்கு என்ன சொல்வீங்களோ, அதை."

அவன் கிளாஸை மேஜையில் வைத்தான். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன்."

"என்ன?"

"நாலும் வினிகர் ஆயிடுச்சுன்னு சொல்லிடறேன். கேளு, கோபப்படாத. இது நல்லாருக்குன்னு தெரிஞ்சா இந்த இடத்தை வெலைக்குக் கேப்பாங்க. நீ குடுக்க மாட்ட. குடுக்கலேன்னா இதே மாதிரி கறுப்பு பீர் ஒண்ணை இந்த ஊர்லயே எறக்குவாங்க. கடைகள்ல உன் பாட்டில வைக்க இடம் இருக்காது. கெட்டுப்போச்சுன்னா விட்டுடுவாங்க. அவ்வளவுதான். உன்னை யாரும் தொட மாட்டாங்க."

மாஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்துவிட்டது. குரல் மட்டும் உயரவில்லை.

"ஒண்ணரை வருஷம் தினமும் வந்து இதைத் தொட்டுப் பார்த்திருக்கேன். மழையில ஒழுகுதா, வெயில்ல வெடிக்குதான்னு. இதைக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல உனக்கு எப்படிடா வாய் வருது?"

'நீங்க' போன இடம் தெரியவில்லை. டீச்சர் அதைக் கவனித்தார், காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். நல்லாருக்குன்னு சொல்லு. நான் விக்க மாட்டேன்னும் சொல்லு. ரெண்டும் உண்மை. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல முடியலைன்னா எதையும் சொல்லாதே, போ."

"உனக்கு எப்பவும் இந்தப் பிடிவாதம்தான்."

"உனக்கு எப்பவும் குறுக்குவழிதான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் டீச்சர்.

இருவரும் சும்மா இருந்தார்கள். பள்ளிக்கூடக் குரல் அது. எத்தனையோ வகுப்புகள் அதற்கு அடங்கியிருக்கின்றன.

டீச்சர் மேஜையருகே வந்தார். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மூக்குத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். இறுக்கிக் கட்டியிருந்ததால் நேரமானது. கன்னத்தில் துணியின் தடம் பதிந்திருந்தது.

"எனக்கும் ஒண்ணு ஊத்து."

"அத்தை?"

"அம்மா, உனக்கு எதுக்கும்மா?"

"இது உசந்ததுங்கறா அவ. கெட்டுப்போச்சுன்னு சொல்லட்டுமாங்கற நீ. நடுவுல நான் என்ன, சுவரா? எனக்குத் தெரிய வேணாமா?"

மாஸ்டர் ஆணியை இழுத்து, விரல் அகலத்துக்குப் பிடித்துக் கொடுத்தாள். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் முதலில் மோந்து பார்த்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி மோந்தார். இந்த முறை மூக்கைக் கிளாஸுக்குள்ளேயே விட்டுவிட்டார். மூச்சை ஆழமாக இழுத்தார். அவர் முகத்தில் எதையோ தேடிக் கிடைக்காதவர்களுக்கு வருகிற குழப்பம் வந்தது.

"என்ன அத்தை?"

"அவரு வாசல்ல வந்து நிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார் டீச்சர். யாரைச் சொல்கிறார் என்று இருவருக்கும் புரிந்தது. "கதவைத் தட்டவே வேணாம். சந்து வழியா வாசனை முன்னால வந்துடும். இவனை எழுப்பி உள் ரூம்ல படுக்க வெச்சுட்டுத்தான் கதவைத் தொறப்பேன்."

துரை தரையைப் பார்த்தான்.

"இங்கயும் அதே வாசனைதான் இருக்கும்னு நெனச்சேன். வந்த முதல் நாள்லேருந்து மூக்கக் கட்டிக்கிட்டேன். ஒரு நாள் கூட மோந்து பார்த்ததில்ல." அவர் கிளாஸைப் பார்த்தார். "இது அது இல்ல. இது வேற என்னமோ. மரம் மாதிரி இருக்கு. சர்க்கரை தீய்ஞ்ச மாதிரி இருக்கு. அவரு இதுல இல்லவே இல்ல."

சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார்.

முகம் சுருங்கியது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தொண்டையைச் செருமினார். மாஸ்டர் தண்ணீரை எடுக்க ஓடினாள். வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் துரை.

"கசக்குது. நெஞ்சு எரியுது. இதுக்குப் போயி காசு குடுக்கறவனைப் பார்த்தாப் பாவமா இருக்கு."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இரு, முடிக்கல. எரிச்சல் போனப்புறம் என்னமோ ஒண்ணு வருது. இனிப்பாவும் இல்ல, கசப்பாவும் இல்ல. அது நல்லாருக்கு." டீச்சர் கிளாஸை வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "கணக்கைச் சரியாப் போட்டு விடையும் சரியா வந்திருக்கு. அதை அடிச்சுட்டு முட்டை போடச் சொல்றியா நீ? என் கையால நான் அப்படி ஒருத்தருக்கும் போட்டதில்லடா."

துரை பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எண்ணை அழுத்தி, அவர்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"சொல்லுப்பா" என்றது மேனேஜரின் குரல். "எப்படி இருக்கு?"

"ஒரு பீப்பாய் கெட்டுப்போச்சு சார். ரெண்டு சுமார். ஒண்ணு..." நிறுத்தினான். "ஒண்ணு, நம்ம கம்பெனியில இதுவரைக்கும் நான் குடிச்ச எதுவும் அது பக்கத்துல நிக்காது சார்."

துரை மாஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

"அப்புறம் இன்னொண்ணு சார். அவங்க விக்க மாட்டாங்க."

"நீ கேட்டியா?"

"கேக்கல. அவங்களே சொல்லிட்டாங்க. என்னைக் கேட்டா, விக்கவும் கூடாது."

"உன்னை யாருப்பா கேட்டது?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரி. அவ்வளவு நல்லாருந்தா நானே குடிச்சுப் பார்க்கறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல்லதான் இருக்கேன். இதோ வர்றேன்."

போன் அணைந்தது.

மாஸ்டர் நிமிர்ந்தாள். அவளுடைய பார்வை எதைக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆபீஸ்லதான் இருக்காருன்னு நெனச்சேன்."

"உன் பின்னாலயே வந்திருக்காரு."

"ம். என்னை நம்பல போல."

"நானும் இன்னும் நம்பல" என்றாள் மாஸ்டர். ஆனால் மேஜையில் இருந்த கிளாஸ்களை அவன் பக்கம் தள்ளினாள். "இதையெல்லாம் கழுவு. சோப்புப் போடாதே."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். கழுவு."

அவன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனான். மாஸ்டர் சாக்கடையருகே கிடந்த நுரையைத் தண்ணீர் அடித்துத் தள்ளினாள். இந்த இடத்தை விற்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது, எந்தக் கடையில் இடம் கிடைக்கும், நாளைக்கு இவன் எங்கே இருப்பான். எல்லாம் தலைக்குள் ஓடியது. ஆனாலும் நெஞ்சில் அந்தச் சூடு இன்னும் உட்கார்ந்திருந்தது. அது தைரியமா, பீரா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ முன்வாசல் கேட்டை ஆட்டினார்கள்.

மாஸ்டர் குழாயைப் போட்டுவிட்டு நகரப் போனாள். துரையும் ஈரக் கையோடு திரும்பினான்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்றார் டீச்சர். "நான் போறேன்."

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நடந்து போனார். திறந்திருந்த கதவு வழியாக அவர் தாழ்ப்பாளை நீக்குவது தெரிந்தது. வெளியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். பேச்சு துல்லியமாகக் கேட்டது.

"துரை இங்க வந்திருக்காரில்ல? நான் அவரோட மேனேஜர். நீங்க..."

உள்ளே துரை கிளாஸைத் துடைப்பதை நிறுத்தினான். மாஸ்டரும் அசையவில்லை.

"நான் இங்க காய்ச்சற மாஸ்டரோட மாமியார்" என்றார் டீச்சர். "இது எங்க இடம். உள்ள வாங்க."